இரவல் நடை

கோகிலவாணிக்குக் கோபமே வராது என்று மில்லில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். கோபம் வரும்; வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டூர் 'மறுநடை' மையத்தின் நீள பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் மரக்கட்டையாகத் தொங்கின. எதிரே இருந்த திரையில் "மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன, காத்திருக்கவும்" என்ற வரி மறுபடியும் வந்து நின்றது.

"காத்திருக்கோணுமாமா!" என்றாள் கோகிலவாணி. "போன வாரமும் இதையேதான் சொன்னான். அதுக்கு முந்தின வாரமும் சொன்னான். எங்கலியாணத்துக்குக்கூட நான் இத்தனை காத்திருக்கலை, நஸ்ரின்."

நஸ்ரின் மையத்தில் பெட்டிகளைப் பழுது பார்ப்பவள். கோட்டைமேட்டுக்காரி, பொறியியல் படித்தவள், கோகிலவாணியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் திட்டிய வாத்தியாரைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். தண்டுவடம் அடிபட்டுக் கால் வராமல் போனவர்களுக்கு இந்தக் காலத்தில் ஒரு கருவி இருக்கிறது. இடுப்பில் ஒரு பெட்டி, அதிலிருந்து இரண்டு கால்களின் ஓரமாக இறங்கும் மெல்லிய சட்டம். டாக்டர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் அது நடைப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு டிஸ்க் உண்டு. போட்டுக்கொண்டவர் எப்படிச் சாய்கிறார், எங்கே தயங்குகிறார், கனத்தை எந்தக் காலில் வைக்கிறார் என்பதையெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்து அது எழுதி வைத்துக்கொள்ளும். ஒருவருடைய நடை என்பது அந்த டிஸ்க்தான். மற்றதெல்லாம் வெறும் தகரமும் கம்பியும்.

அவினாசி ரோட்டில் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை உரசிவிட்டுப் போன நாளிலிருந்து கோகிலவாணி பெட்டிக்காரிதான். முதல் பெட்டி பல வருஷம் உழைத்துவிட்டு ஒருநாள் புகை கக்கி ஓய்ந்தது. புதுப்பெட்டி வாங்க வழியில்லை. நல்லவேளை, மறுநடை மையம் இருந்தது. பெட்டி போட்டிருந்தவர் இறந்துபோனால் குடும்பத்தார் அதை இங்கே கொடுத்துவிடுவார்கள். தேவைப்படுகிறவருக்கு மையம் கொடுக்கும். அப்படி வந்ததுதான் இப்போது அவள் இடுப்பில் இருக்கும் பெட்டி. நஸ்ரின் பழைய டிஸ்க்கை அச்சு அசலாக ஒரு புது டிஸ்க்கில் நகலெடுத்து, அதை இந்தப் பெட்டியில் பொருத்திக் கொடுத்தாள்.

கொடுத்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பழைய பெட்டியில் கைத்தடியும் சுவரும் இல்லாமல் நகராதவள், எழுந்து, தடியை எடுக்க மறந்து, தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அடுத்த கிருத்திகைக்கு மருதமலைப் படியேறி முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். மில்லில் சைடர் வேலை திரும்பக் கிடைத்தது. ஸ்பின்னிங் மில்லில் சைடர் என்றால் நடைதான் வேலை. நூல் எங்கே அறுந்ததோ அங்கே போய் ஒட்ட வேண்டும், ஷிப்ட் முடியும்வரை மெஷின் வரிசைகளுக்கு நடுவே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க வேண்டும். ஒட்டுகிற ரோபோ வந்துவிட்டதுதான், ஆனால் அந்த மில் முதலாளி கையை அவ்வளவு சீக்கிரம் பைக்குள் விடுகிற ஆள் இல்லை. கோகிலவாணிக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

இப்போதுதான் இந்த அப்டேட் வந்து கழுத்தைப் பிடித்தது. பெட்டியை ஓட்டுகிற மென்பொருளில் ஏதோ ஒரு கோளாறு. சிலருக்குப் படியிறங்கும்போது முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டுவிட்டதாம். எல்லோரும் கார்த்திகை முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், புதுப்பிக்காத பெட்டி மார்கழி பிறந்தால் எழுந்து நிற்காது என்று தயாரித்தவர்கள் அறிவித்துவிட்டார்கள். ஊரில் மற்ற எல்லோருடைய பெட்டியும் சமர்த்தாகப் புதுப்பித்துக்கொண்டது. இவளுடைய பெட்டி மட்டும் பாதிவரை போகும், ஒருமுறை அணைந்து எழும், பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டு பழையபடி ஆகிவிடும்.

"இடம் பத்தலையான்னு பாத்தேன், இடம் இருக்கு," என்று நஸ்ரின் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். "தேதி சரியா இருக்கு. அப்டேட்டை மறுபடி இறக்கிப் பாத்தாச்சு. உங்க நகலையே அழிச்சுட்டுப் புதுசா எடுத்தும் போட்டாச்சு. எல்லாம் சரியா இருக்கு, ஆனா அணைஞ்சு எந்திரிக்கற இடத்துல மட்டும் மாட்டிக்குது. எந்திரிக்கற இடத்துல..."

அவள் சட்டென்று நிறுத்தினாள். எழுந்து வந்து கோகிலவாணியின் இடுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு டிஸ்க்குகள் இருந்தன.

"இதென்ன ரெண்டு?" என்றாள் கோகிலவாணி.

"ரெண்டாவது உங்களோடது. முதல்ல இருக்கறது மருதாசலம் ஐயாவோடது. இந்தப் பெட்டியைப் போட்டுட்டு இருந்தவரு. அவங்க வீட்டம்மா குடுக்கும்போதே ஒண்ணு சொன்னாங்க. 'வருச தெவசம் முடியற வரைக்கும் அவரு பொருளைப் பிரிக்காதீங்க, அழிக்காதீங்க'ன்னு. எனக்கு மனசு வரலக்கா. காலியா ஒரு இடம் பக்கத்துல இருந்துச்சு, உங்க டிஸ்க்கை அதுல வெச்சேன். அவரோடது சும்மா தூங்கிட்டு இருக்கும்னு நினைச்சேன்."

"அதுல என்ன தப்பு? நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்."

"தப்பா இல்லையான்னு இப்பத் தெரிஞ்சுடும்," என்று நஸ்ரின் முதல் டிஸ்க்கின் இணைப்பை மட்டும் மெல்லக் கழற்றிவிட்டுப் பெட்டியை இயக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. விளக்குக்கூட எரியவில்லை. நஸ்ரின் இணைப்பைத் திரும்பச் சொருகினாள். பெட்டி உடனே உயிர்பெற்றது, கோகிலவாணியின் கால் பெருவிரல் சட்டத்துக்குள் துடித்தது.

"யா அல்லா," என்று நஸ்ரின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, உங்க பெட்டி உங்க டிஸ்க்குல இருந்து எந்திரிக்கவே இல்ல. இத்தனை மாசமும் அவரு டிஸ்க்குல இருந்துதான் எந்திரிச்சிருக்கு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு கண்ணு."

"வீடு உங்க வீடுதான். ஆனா வாசக்கதவு பக்கத்து வீட்டுல இருக்கு. நான் உங்க டிஸ்க்கைப் போடும்போது அவரோடதைக் கழட்டி வெச்சிருந்தா பெட்டி உங்களுக்குன்னு தனி வாசல் வெச்சிருக்கும். கழட்டலை. ஏற்கெனவே ஒரு வாசல் இருக்கேன்னு அது அதையே வெச்சுக்கிச்சு. தினமும் அவரு வாசல்ல நுழைஞ்சு உங்க வீட்டுக்கு வந்துட்டு இருக்கு. இந்த அப்டேட்காரன் வாசல்ல நின்னு பேர்ப்பலகையைப் படிக்கறான். கோகிலவாணின்னு இருக்க வேண்டிய இடத்துல அந்தப் பேரு இல்ல. சரி, வீடு மாறி வந்துட்டோம்னு எல்லாத்தையும் சுருட்டிட்டுப் போயிடறான்."

கோகிலவாணி யோசித்தாள். "அப்ப எனக்குன்னு ஒரு வாசல் வெச்சுக் குடுத்துரு. முடிஞ்சுது."

"வெச்சுடலாம். பெரிய வேலை இல்ல." நஸ்ரின் அவள் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "ஆனா வாசல்ல நுழையும்போதே பெட்டி ஒண்ணைக் கையில எடுத்துட்டு வருதுக்கா. சமநிலை. விழப் போறப்ப எப்படித் தாங்கறது, படியில கனத்தை எங்க வைக்கறதுங்கறது. அது அந்த வாசல் இருக்கற முன்பக்கத்துலதான் இருக்கும். நீங்க தடியைப் போட்டுட்டு நடந்தது, மருதமலை ஏறினது... அது உங்க சமநிலை இல்ல. உங்களோடது எப்படின்னு பழைய பெட்டியில பாத்தோமே."

பழைய நடை என்றால் கோகிலவாணிக்குச் சுவர், தடி, யாராவது ஒருவர் கை. சைடர் வேலை போய்விடும். அதைவிட, காலையில் எழுந்து யாரையும் கூப்பிடாமல் வாசல்வரை போய்ப் பால் பாக்கெட் எடுத்து வருகிற அந்தச் சின்ன ராஜபோகம் போய்விடும். அதே நேரத்தில் இன்னொன்றும் தோன்றியது. இத்தனை நாள் கும்பிட்டது முருகனை. தன்னைத் தாங்கிப் பிடித்தது யாரோ ஒரு மருதாசலம். முகம்கூடத் தெரியாத அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வேற வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்கு. அவரு நடையை முறைப்படி உங்க பேருக்கு மாத்தலாம். வாரிசு வந்து கைரேகை வெச்சு, சம்மதம்னு வாயால சொல்லோணும்... சொல்லணும்." கோகிலவாணியோடு பழகிப் பழகி நஸ்ரினுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. "அவரு சம்சாரம் சிவகாமி டீச்சரைக் கூப்பிட்டுப் பாக்கறேன்."

சிவகாமி டீச்சர் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்துவிட்டார். வடவள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. கையில் ஒரு பை நிறைய நிலக்கடலை. தோட்டத்தில் பிடுங்கி அவித்துக் கொண்டுவந்தது, சூடு ஆறவில்லை, முதலில் தின்னுங்கள், பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வந்த வேகத்தில் பையைப் பெஞ்சில் கொட்டினார்.

கோகிலவாணி உள்ளறையிலிருந்து அவரை வரவேற்க நடந்து வந்தாள். டீச்சர் வாயில் போடப்போன கடலையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தா அம்மணி, நில்லு. திரும்பப் போ. போயிட்டு மறுபடி வா."

கோகிலவாணி ஒன்றும் புரியாமல் போய்விட்டுத் திரும்பி வந்தாள். டீச்சர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"அப்படியே அவருதான்! சேலை கட்டிட்டு வந்துட்டாரு. திரும்பும்போது இடது தோளைச் சித்தெ முன்னாடி விடறது, நிக்கறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு அடி சேத்து வைக்கறது... அட ஆண்டவனே. ராத்திரியில சமையலறைக்குத் திருட்டுத்தனமா முறுக்கு எடுக்கப் போவாரு, அந்தச் சத்தத்தை வெச்சே நான் படுத்தபடி கண்டுபிடிச்சிருவேன்."

கோகிலவாணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டத்தோடு குனிய முடியாது. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், உங்க வீட்டுக்காரராலதான் நான் மில்லுக்குப் போறனுங்க. எனக்கு இத்தனை நாள் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அப்பவே வீடு தேடி வந்திருப்பனுங்க."

"நீ நடக்கறதே எனக்கு வந்த மாதிரிதான் கண்ணு," என்று டீச்சர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "எங்கிட்ட என்ன கேக்கோணும்? சம்மதமா? நூறு தடவ சம்மதம். தெவசம் தையிலதான் வருது, அதுவரைக்கும் அழிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். குடுக்கக் கூடாதுன்னா சொன்னேன்? எங்க விரலை வைக்கோணும், சொல்லு பாப்பா."

நஸ்ரினுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கைரேகைத் தட்டை நீட்டினாள். டீச்சர் விரலை வைத்து, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், "மருதாசலத்தின் மனைவி சிவகாமி. முழுச் சம்மதம்," என்றார். திரை சற்று நேரம் சுற்றியது. பிறகு சொன்னது: "இந்த நடை மருதாசலம் என்பவருக்குச் சொந்தமானதல்ல."

மூன்று பேரும் அதைப் படித்தார்கள். நஸ்ரின் மறுபடியும் முயன்றாள். அதே பதில். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த முதல் டிஸ்க்குக்குள் இறங்கினாள். டீச்சரும் கோகிலவாணியும் கடலையைத் தொடாமல் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர், ஐயாவுக்கும் இந்த மையத்துல இருந்துதானே பெட்டி குடுத்தாங்க?"

"ஆமா. நீ அப்பப் பள்ளிக்கூடம் போயிட்டு இருந்திருப்ப. வேற ஒரு தம்பி இருந்தாரு."

"அவரும் இதையே செஞ்சிருக்காரு." நஸ்ரின் திரும்பி உட்கார்ந்தாள். "ஐயா டிஸ்க்கும் நகல்தான். ஏற்கெனவே ஒருத்தரோடது இருந்ததுல, அதை முழுசா எடுக்காம, மேல ஐயாவோடதைப் போட்டிருக்காங்க. முன்பக்கத்தை யாருமே தொடல. அப்பெல்லாம் எந்த அப்டேட்டும் பேரு பாக்காது, அதனால தெரியாமலே போச்சு. இந்த வாசல் ஐயாவோடதே இல்ல டீச்சர். அவருக்கு முன்னாடி யாரோ ஒருத்தரோடது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அப்ப நான் இத்தனை வருசமா யாரு கூட உழவர் சந்தைக்குப் போயிட்டு வந்தேன்?" என்றார். "கலியாணமான புதுசுல அவரு நடை வேற மாதிரி இருக்கும். விறைப்பா, போலீஸ்காரன் மாதிரி. அடிபட்டு, பெட்டி போட்டு, எந்திரிச்சு வந்தப்பதான் இந்த நடை. அந்தத் தோளும் அந்தச் சின்ன அடியும். எனக்கு அதுதான் பிடிச்சுப்போச்சு. அவரு போனதுக்கப்புறமும் நினைப்புல வர்றது அந்த நடைதான். இப்ப அது அவரோடது இல்லைங்கறீங்க."

கோகிலவாணிக்குத் தன் கவலை மறந்துபோனது. "நஸ்ரின், யாருன்னு பாரு. பேரு இருக்குமில்ல?"

"பேரு எழுதி வைக்கற வழக்கம் அப்ப இல்லக்கா. உயரமும் எடையும்தான் இருக்கு. சின்ன உருவம். பொண்ணா பையனான்னுகூடத் தெரியல. அப்புறம், விழுந்தது இருக்கு." அவள் திரையை உருட்டிக்கொண்டே போனாள். போகப் போக அவள் பேச்சு மெதுவானது. "படியில விழுந்திருக்காங்க. மழை ஈரத்துல. பஸ் கிளம்பும்போது. எங்கயோ ஓடிப் பாத்திருக்காங்க, அங்க விழுந்திருக்காங்க. உருட்டிட்டே இருக்கேன், முடிய மாட்டேங்குது. சமநிலைன்னா வேற என்னக்கா? ஒவ்வொரு தடவை விழும்போதும் எங்க தப்பாச்சுன்னு பெட்டி பாத்து வெச்சுக்கும். அடுத்த தடவை அந்த இடத்துல விழ விடாது. ஐயா விழல. நீங்க விழல. உங்க ரெண்டு பேருக்கும் சேத்து இவங்க முன்னாடியே விழுந்துட்டாங்க."

வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகம் கழுவியதுபோலத் தெளிந்திருந்தது.

"ஒருநாள்கூட விழுந்ததில்ல எம்புருசன்," என்றார். "வழுக்குப் பாறையில நின்னு மீன் பிடிப்பாரு. எனக்கு அடிவயிறு கலங்கும். ஒண்ணும் ஆனதில்ல. யாரா இருந்தாலும் அந்தப் புள்ள மகராசியா இருக்கோணும், மகராசனா இருக்கோணும். எம்புருசனை முழுசா வெச்சுக் காப்பாத்திக் குடுத்திருக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெவசத்துக்கு இனி ரெண்டு எலை போடோணும். அவருக்கு ஒண்ணு, அந்தப் புள்ளைக்கு ஒண்ணு."

"உயிரோட இருந்தா, டீச்சர்?" என்றாள் கோகிலவாணி.

"இருந்தா இன்னும் நல்லது. அந்த எலையில நீ உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ."

நஸ்ரின் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் துவா பண்றேன். ஆனா கோகிலாக்கா விஷயத்துக்கு வருவோம். பேரு தெரியாதவங்ககிட்டச் சம்மதம் வாங்க முடியாது. அந்தச் சமநிலையை உங்க பக்கம் கொண்டுவர வழியே இல்ல. அப்டேட் பண்ணாம விட்டா மார்கழியில பெட்டி நிக்காது. பண்ணினா உங்க சொந்த நடைதான். முடிவு நீங்கதான் சொல்லணும்."

"இதிலென்ன முடிவு?" என்றாள் கோகிலவாணி. "நிக்காத பெட்டியை வெச்சு என்ன பண்றது! வாசலை மாத்தி வெச்சுரு." நஸ்ரின் மூடியில் கை வைத்ததும் தடுத்தாள். "சித்தெ இரு. கடைசியா ஒரு தடவ நடந்துக்கறேன்."

அவள் மையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஜன்னலோரம் போய், தண்ணீர்க் குடம் வரைக்கும் போய், எதையும் பிடிக்காமல், இடது தோள் முன்னால் போக, நிற்பதற்கு முன் அந்தச் சின்ன அடியைச் சேர்த்து வைத்துத் திரும்பி வந்தாள். டீச்சரும் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்துகொண்டே, "ரொம்ப நன்றிங்க," என்று அவள் சத்தமாகவே சொன்னாள், யாரைப் பார்த்து என்றில்லாமல். பிறகு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நஸ்ரின் மருதாசலத்தின் டிஸ்க்கைக் கழற்றினாள். டீச்சர் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டார்; அதை யாரும் அழிக்கவில்லை. கோகிலவாணியின் டிஸ்க்கில் புது வாசல் வைக்கக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது. பெட்டி அணைந்தது, எழுந்தது. அப்டேட் ஆரம்பித்தது, பாதியைத் தாண்டியது, மறுபடி அணைந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி எழுந்தது. "புதுப்பிப்பு முடிந்தது. வணக்கம், கோகிலவாணி" என்றது திரை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நஸ்ரின் துள்ளிக் குதித்தாள். டீச்சர் கைதட்டினார். கோகிலவாணி எழுந்தாள்; எழுந்த வேகத்தில் டீச்சரின் தோளை இறுகப் பிடித்தாள். முழங்கால்கள் பிறந்த கன்றுக்குட்டியின் கால்களாக நடுங்கின. ஒரு அடி வைத்தாள். எவ்வளவு பழகிய நடுக்கம்! பழைய பெட்டியின் பயமெல்லாம் வரிசை கலையாமல் திரும்பி வந்திருந்தது.

"சூப்பர்வைசர்கிட்டச் சொல்லோணும்," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்ச நாளைக்கு உக்காந்து நூல்கோன் கட்டற பக்கம் போட்டுக் குடுங்கன்னு கேக்கோணும். இதைப் போட்டுட்டு சைடர் பாக்க முடியாது."

திரை மறுபடி ஒலித்தது. நஸ்ரின் படித்தாள். "இன்னும் ஒரு கேள்வி இருக்குக்கா. இந்த அப்டேட்டுல புதுசாச் சேத்திருக்காங்க, எல்லார்கிட்டயும் கேக்கறாங்க. 'உங்கள் காலத்துக்குப் பின் உங்கள் நடையை வேறொருவருக்குத் தரச் சம்மதமா?'"

கோகிலவாணி தன் கால்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டாள். "இதையா? இந்தக் கோணல் நடையை வாங்கி ஒருத்தரு என்ன பண்ணுவாரு, பாவம்! தடியும் சேத்துக் குடுக்கோணும்."

"எதனால கோணல்?" என்றார் டீச்சர், வகுப்பில் கேட்பதுபோல.

"நீங்க பழைய பெட்டியில ஒரு தடவைகூட விழுந்ததில்லக்கா," என்றாள் நஸ்ரின். "பயந்து பயந்து சுவரைப் பிடிச்சே நடந்தீங்க. இந்தப் பெட்டியில உங்களை விழ விடலை. உங்க டிஸ்க்குல விழுந்ததுன்னு ஒண்ணுமே இல்ல. அதுக்கு எதுவும் தெரியாது."

கோகிலவாணி அதை மனசில் போட்டுப் புரட்டினாள். பிறகு விரலை நீட்டித் தட்டில் வைத்தாள். "சம்மதம்," என்றாள்.

டீச்சரை வழியனுப்ப மற்ற இருவரும் வாசலுக்கு வந்தார்கள். மையத்தின் முன்னால் நாலைந்து சிமெண்ட் படிகள். கோகிலவாணி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படிவரை வந்தாள். அங்கே நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். டீச்சரின் கையை விட்டாள்.

"அக்கா, வேண்டாம்!" என்று நஸ்ரின் கத்தினாள்.

கோகிலவாணி காலை எடுத்துக் கீழே வைத்தாள். முழங்கால் ஒரு பக்கம் போனது, இடுப்பு ஒரு பக்கம் போனது. அவள் இரண்டு படி உருண்டு, கடைசிப் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பூக்காரி ஒருத்தி ஐயோ என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் துளிர்த்திருந்தது. சேலையில் ஒரு கை மண். நஸ்ரின் பதறிக்கொண்டு இறங்கி வந்தால், கோகிலவாணி அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"பதிஞ்சுதா பாரு," என்றாள்.

நஸ்ரின் கையோடு கொண்டுவந்திருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"பதிஞ்சிருச்சுக்கா."

"அப்பக் கையைக் குடு," என்றாள் கோகிலவாணி. "மேல ஏத்தி விடு. இன்னொருக்கா எறங்கறேன்."